ஆத்மநாதன் கழற்றிய எஞ்சின்

1957ஆம் வருஷத்து ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, வல்லத்திராக்கோட்டைக்குத் தெற்கே குழந்தைசாமியின் கிணற்று மேட்டில், எஞ்சின் என்று கைகாட்டிச் சொல்லக்கூடிய எதுவும் மிச்சமில்லாமல் எஞ்சின் ஓட ஆரம்பித்தது. பம்பு இருந்தது, குழாய் இருந்தது. பம்பிலிருந்து கிளம்பிய பெல்ட் நான்கடி தூரம் போய், வெறும் காற்றை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. கருங்கல் மேடையில் போல்ட் போட்ட நான்கு ஓட்டைகள் மட்டும் இருந்தன. சத்தம் வழக்கமான சத்தம்தான். முதலில் இரண்டு இருமல், பிறகு ஒரே சீர். தண்ணீரும் வழக்கமான தண்ணீர்தான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதற்கெல்லாம் பொறுப்பாளியான மாப்பிள்ளை ஆத்மநாதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பயம்தான் இருந்தது. அதுவும் எஞ்சினை நினைத்து வந்த பயமில்லை, பெண்டாட்டி மீனம்மாளை நினைத்து வந்த பயம்.

குழந்தைசாமி வீட்டுக்கு மாப்பிள்ளைக்கு முன்னால் எஞ்சின்தான் வந்தது. புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த 1948இல், பட்டாளத்தார் கழித்துப்போட்ட சாமான்களைத் திருச்சியில் ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, களத்தில் விரிக்க ஒரு தார்ப்பாய் வாங்கப் போனார் குழந்தைசாமி. வரும்போது தார்ப்பாய் இல்லை. இரண்டரைக் குதிரைச் சக்தியில் ஒரு சின்னப் பெட்ரோல் எஞ்சினும் அதற்கான பம்பும் வண்டியில் இருந்தன. எப்படி ஓட்டுவது என்று விற்றவர்கள் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களாம். இரண்டு மாதம் அது மாட்டுக்கொட்டிலில் இருந்தது. அதன் முன்னால் வைக்கோல் போட்டு வைத்திருந்ததாகப் பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வது எங்கள் ஊரைக் கேவலப்படுத்தக் கட்டிவிட்ட கதை. வைத்தது தவிடு. அதுவும் ஒரே ஒரு நாள்தான். பிறகு குழந்தைசாமி, மகள் மீனம்மாளுக்கு வந்திருந்த இரண்டு நல்ல சம்பந்தங்களைத் தட்டிக்கழித்துவிட்டு, எஞ்சினுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்.

ஆவுடையார்கோயில் பக்கத்தில் ஆத்மநாதன் கிடைத்தான். சண்டைக் காலத்தில் மூன்று வருஷம் அஸ்ஸாமில் பட்டாளத்தில் இருந்தவன். அங்கே அவன் பார்த்தது சமையல் கூடாரத்தில் வெங்காயம் உரிக்கிற வேலை. கூடாரத்துக்கு எதிரே இதேபோல ஓர் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக்கின் முதுகை அவன் மூன்று வருஷம் கண்ணில் நீர் வழியப் பார்த்திருக்கிறான். முதுகுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று தெரியாது. பெண் பார்க்க வந்த இடத்தில் குழந்தைசாமி, "மாப்ளைக்கு இஞ்சின் வேல தெரியும்ல?" என்று கேட்டபோது, கதவுக்குப் பின்னால் மீனம்மாளின் ஒரு கண்ணும் மூக்குத்தியும் தெரிந்தன. "பட்டாளத்துல அதுதான் மாமா என் வேலையே" என்று அவன் வாய் சொல்லிவிட்டது. அந்த வாயை அவன் பிற்பாடு எத்தனையோ தடவை திட்டியிருக்கிறான். ஆனால் அது அன்றைக்குச் சும்மா இருந்திருந்தால் மீனம்மாள் கிடைத்திருக்க மாட்டாள் என்பதால், திட்டிவிட்டு உடனே மன்னித்தும் இருக்கிறான்.

கல்யாணத்துக்கு மறுநாள் ஊரே கிணற்று மேட்டில் கூடி நின்றது. ஆத்மநாதன் பெட்ரோலை ஊற்றினான், அந்த முதுகு எப்படியெல்லாம் அசைந்ததோ அப்படியே தானும் அசைந்தான், கயிற்றைச் சுற்றி ஓர் இழு இழுத்தான். எஞ்சின் ஓடியது. ஏன் ஓடியது என்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது. அதோடு கமலை இழுத்துத் தண்ணீர் இறைத்த மாடுகளுக்கு ஓய்வு கிடைத்தது, அந்தக் கிணற்றுத் தண்ணீரை நம்பியிருந்த நாலு குடும்பத்து வயலும் முறைவைத்துப் பாய்ந்தது, ஆத்மநாதனுக்கு மெக்கானிக் மாப்பிள்ளை என்று பெயர் நிலைத்தது. தண்ணீருக்குப் போகிற பெண்களிடம் மீனம்மாள், "எங்க வீட்டுக்காரங்க கை பட்டா இரும்பு பேசும்" என்பாள். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தில் வருகிற பெருமையை ஒருநாள் அவன் மறைந்திருந்து பார்த்துவிட்டான். அன்றிலிருந்து அவன் வாழ்க்கையில் ஒரே வேலைதான்: தான் யார் என்று அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். கழற்றுவதிலும் கழுவுவதிலும் ஆத்மநாதனை மிஞ்ச ஆள் கிடையாது. எஞ்சினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அவனால் படிக்க முடியாது என்றாலும், படங்களில் எதையெல்லாம் துடைக்கச் சொல்கிறார்கள் என்று புரிந்தது. சூடு ஆறுவதற்குள் பழைய எண்ணெயை வடித்துப் புது எண்ணெய் ஊற்றுவான். காற்று போகிற சல்லடையை மண்ணெண்ணெயில் அலசி வெயிலில் உலர்த்துவான். பிளக்கை உப்புத்தாளால் தேய்த்து, அதன் நுனியில் நகம் நுழைகிற இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பான். சூடு போவதற்காகத் தகடு தகடாக இருக்கிற இடத்தில் அடைந்த புழுதியைக் கோழி இறகால் நீவி எடுப்பான். வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜை அன்றைக்கு, முழுசாகப் பிரித்துக் கரி சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் சந்தனம் வைப்பான். பிரித்ததைத் திரும்ப மாட்டுவதுதான் அவனுக்கு வராது. அது அந்த முதுகுக்கு அந்தப் பக்கம் நடந்த விஷயம்.

1949இல் முதல் பூஜை. பகலெல்லாம் துடைத்து, பொழுது சாய மாட்டி முடித்து, ஸ்பேனரையும் திருப்புளியையும் அரிவாள், மண்வெட்டி, கலப்பையோடு சாமி படத்துக்கு முன்னால் வைத்து, மீனம்மாள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துச் சூடம் காட்டியும் ஆகிவிட்டது. கை கழுவப் போனவனின் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு வாஷர் விழுந்தது. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள்வரை தொடக்கூடாது. தொட்டால் மாமனார் என்ன, ஊரே சண்டைக்கு வரும். இரவு முழுக்க அந்த வாஷரைக் கையில் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். விடிந்ததும் கயிற்றை இழுத்தால் எஞ்சின் முன்னைவிட நன்றாக ஓடியது. ஓடுகிறதை எதற்குப் பிரிக்க வேண்டும் என்று வாஷரைத் துணியில் சுற்றிப் பட்டாளத்து டிரங்குப் பெட்டிக்குள் போட்டுவிட்டான். அடுத்த வருஷம் மூன்று போல்ட்டுகளும் ஒரு சுருள் கம்பியும் மிஞ்சின. மிஞ்சியதைப் பார்த்தபோது ஸ்பேனர் சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எஞ்சின் ஓடியது. 1951இல் சல்லடையும் அதன் மூடியும் மிஞ்சின. 1952இல் ஊரெல்லாம் கண்மாய் வறண்டு கிடந்தபோது கார்பரேட்டர் மிஞ்சியது. பெட்ரோல் இனி எந்த வழியாகப் போகும் என்று கவலைப்பட்டான், எஞ்சின் கவலைப்படவில்லை.

அந்த வருஷமே எஞ்சினைச் சுற்றிப் பனையோலைக் கொட்டகை போட்டுப் படல் வைத்துக் கட்டினான். ஓடுகிற எஞ்சின் பக்கத்தில் மெக்கானிக் தவிர வேறு ஆள் மூச்சுக்கூட விடக்கூடாது என்பது பட்டாளத்துச் சட்டம் என்று மாமனாரிடம் சொன்னான். குழந்தைசாமி அதை ஊருக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். மீனம்மாள் தினமும் கஞ்சிக் கலயத்தைப் படலுக்கு வெளியே வைத்துவிட்டு, வெயிலில் நின்றபடி, "ஏங்க, வச்சிருக்கேன்" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவாள். 1954இல் பிளக் மிஞ்சியது. 1955இல் பிஸ்டனும் அதன் தடியும். 1956இல் பெட்ரோல் டாங்கியே மிஞ்சிவிட்டது. பெட்ரோல் வாங்கப் போகாவிட்டால் அவள் ஏன் என்று கேட்பாளே என்று, அதற்குப் பிறகும் வாரம் ஒருதரம் டின்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் புதுக்கோட்டை போய், பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு, டின்னில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து இறங்குவான். இவ்வளவு கனமான பெட்ரோலைத் தூக்கி வருகிறாரே என்று அவள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவாள். அந்த நேரத்தில் பூமி பிளந்தால் தேவலை என்றிருக்கும் அவனுக்கு.

1957 பூஜையில் மிச்சமிருந்த அடிப்பெட்டியும் சக்கரமும் பெட்டிக்குள் போயின. பெட்டி நிறைந்தது, மேடை காலியானது. இதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் அந்த வருஷம் அபிவிருத்தி ஆபீசில், வட்டாரத்திலேயே சிறப்பாகப் பராமரிக்கப்படும் எஞ்சினுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுப்பது என்று முடிவாயிற்று. ஒன்பது வருஷமாக ஒருநாள்கூட ரிப்பேருக்குப் போகாத எஞ்சின் எங்கள் ஊரில்தான் இருந்தது. மார்கழியில், நெல் பால் பிடிக்கிற சமயத்தில், அதைப் பார்த்துச் சான்று எழுதப் புதுக்கோட்டையிலிருந்து மரியசெல்வம் என்ற மெக்கானிக் சைக்கிளில் வந்தார். நிஜ மெக்கானிக். ஆத்மநாதன் வயலுக்குப் போயிருந்தான். புருஷனுக்குப் பத்திரம் கிடைக்கப்போகிற சந்தோஷத்தில் மீனம்மாள் பட்டாளத்துச் சட்டத்தை மறந்து தானே படலைத் திறந்துவிட்டாள்.

ஆத்மநாதன் ஓடி வந்தபோது கொட்டகைக்குள் சத்தம் சீராக ஓடிக்கொண்டிருந்தது. மரியசெல்வம் மேடையைச் சுற்றி இரண்டு தடவை நடந்து, பெல்ட் திரும்புகிற இடத்தில் கையை நீட்டிச் சூடு பட்டு இழுத்துக்கொண்டு, "இஞ்சின் எங்கண்ணே?" என்று கேட்டார். மீனம்மாள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவன் கொட்டகை மூலையில் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தான். உள்ளே நூற்றெண்பத்துநாலு சாமான்கள், ஒவ்வொன்றும் கரி சுரண்டி, எண்ணெய் தடவி, வருஷவாரியாகத் துணி சுற்றிக் கிடந்தன. இவ்வளவு சுத்தமாக வைத்த சாமானைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார் மரியசெல்வம். "எப்பிடிண்ணே இது?" என்று அவர் கேட்டதற்கு ஆத்மநாதன், "அது பட்டாளத்து முறை" என்றான். அந்த நிலையிலும் அவன் வாய் அப்படித்தான் பேசியது. மீனம்மாள் அதை அப்படியே நம்பி, "அப்பிடித்தான் இருக்கும்" என்று மரியசெல்வத்திடம் சொன்னாள்.

மரியசெல்வம் தொழிலில் மனசாட்சி உள்ளவர். அவரால் அதை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியவில்லை. வெளிச்சத்துக்காகப் படலைப் பிடுங்கி எறிந்தார். பிளக் இருக்க வேண்டிய இடத்தை ஆத்மநாதன் விரலால் அழுத்த, சத்தம் நின்றது. மூன்று நாள் உட்கார்ந்து, இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்துப் படித்து, நூற்றெண்பத்துநாலு சாமான்களையும் அதனதன் இடத்தில் மாட்டி முடித்தார். ஒரு வாஷர்கூட மிஞ்சவில்லை. பளபளவென்று முழு எஞ்சின் ஒன்று மேடையில் உட்கார்ந்திருந்தது. கயிற்றை இழுத்தார். ஓடவில்லை. பிளக்கில் பொறி வந்தது, பெட்ரோல் வந்தது, காற்று வந்தது, எஞ்சின் மட்டும் ஓடவில்லை. நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் இழுத்தார். "எல்லாம் சரியா இருக்குண்ணே. சரியா இருந்தும் ஓட மாட்டேங்குதே" என்று சொல்லிக் கண்கலங்கிவிட்டார்.

கமலை மாடுகளை விற்று ஏழு வருஷமாகியிருந்தது. பால் பிடித்த நெல் தண்ணீரில்லாமல் பதராகிக்கொண்டிருந்தது. கடைமடையில் இருந்தது சின்னப்பிள்ளையின் வயல். மீனம்மாளுக்குப் பெரியம்மா முறை, புருஷன் இல்லாதவள், அந்த ஒரு வயலை விட்டால் வேறு பிழைப்பு இல்லாதவள். அங்கேதான் முதலில் வெடிப்பு விழுந்தது. ஆறாம் நாள் காலை அவள் கிணற்று மேட்டுக்கு வந்தாள். யாரையும் குறை சொல்லவில்லை. மரியசெல்வத்தைப் பார்த்து, "நீங்களும் நல்லாத்தான் பார்த்தீங்க தம்பி" என்றாள். பிறகு ஆத்மநாதனிடம், "மாப்ள, நீங்க ஒரு தடவ கையி வைங்க. ஒங்க கையி பட்டாத்தான் அது ஓடும். எங்களுக்குத் தெரியாதா?" என்றாள். கூடி நின்ற எல்லாரும் ஆமாம் என்றார்கள். குழந்தைசாமி கொஞ்சம் பலமாகவே சொன்னார். மீனம்மாளின் முகத்தில் அந்தப் பழைய பெருமை அப்படியே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான் அது இருக்கும் என்று ஆத்மநாதனுக்குத் தெரிந்தது. ஓடிப்போய் ஆவுடையார்கோயில் பஸ்ஸில் ஏறிவிடலாமா என்றுகூட நினைத்தான். சின்னப்பிள்ளை நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. அவன் ஸ்பேனரை எடுத்தான்.

பட்டப்பகலில், படல் இல்லாத கொட்டகையில், ஊர் பார்க்க, அவன் எஞ்சினைப் பிரித்தான். டாங்கி, கார்பரேட்டர், பிளக், பிஸ்டன் என்று ஒவ்வொன்றாக எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, சாக்கில் வரிசையாக வைத்தான். அந்த வேலையைப் பார்க்க எல்லாருக்கும் ஆசையாக இருந்தது. மரியசெல்வமே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேடை காலியானது. இனி மாட்டுவான் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவன் கையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"எது எங்கிட்டுப் போகும்னு எனக்குத் தெரியாது" என்றான். "எந்த வருசமும் தெரிஞ்சதில்ல."

குழந்தைசாமி சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அப்ப பட்டாளத்துல?" என்று கேட்டார்.

"வெங்காயம் உரிச்சேன் மாமா."

அவன் மீனம்மாளைப் பார்க்காமல் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கொட்டகை வாசல்வரை வந்து நின்றாள். "வெங்காயம் உரிச்சதுல என்னங்க இருக்கு? எங்கப்பன் மட்டும் இஞ்சினுக்குத் தவிடு வைக்கலயா? நீங்க உரிச்சேன்னு சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? வெயில்ல, படலுக்கு வெளிய, வேத்தாள் மாதிரி என்னைய நிக்க வச்சீங்களே. எத்தன வருசம்! அதுக்கு என்ன பதில் சொல்லப்போறீங்க?" அவனுக்குப் பட்டாளத்துச் சட்டம் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. பெருமை போய்விட்ட அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தபோது, இதற்காகவா இத்தனை வருஷம் பயந்து செத்தோம் என்று தோன்றியது. பயந்ததைவிட அதிகமாக வலிக்கவும் செய்தது. அவன் அழுதான். வெங்காயம் எதுவும் இல்லாமல் அவன் அழுததை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.

மீனம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தாள். மேடைக்குப் பக்கத்தில், சாக்கை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். "அழுதது போதும். சின்னப்பிள்ள பெரியாத்தா நிக்கிறாக. இழுங்க" என்றாள். ஆத்மநாதன் எழுந்து, கயிற்றை எடுத்து, ஒன்றுமில்லாத இடத்தில் மூன்று சுற்றுச் சுற்றினான். கயிறு கீழே விழாமல் நின்றது. இழுத்தான். இரண்டு இருமல் வந்தது. பெல்ட் நான்கடி தூரம் போய்க் காற்றைச் சுற்றிக்கொண்டு திரும்பியது. தண்ணீர் குழாய் வாயில் வந்து விழுந்தது. சின்னப்பிள்ளை மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடை திறக்க ஓடினாள். மற்றவர்களும் அவரவர் வயலைப் பார்க்கப் போனார்கள். இவ்வளவையும் பார்த்துக்கொண்டு நின்ற குழந்தைசாமி, "ஏலத்துல நான் பார்த்து எடுத்த இஞ்சின்ல" என்று மரியசெல்வத்திடம் சொன்னார்.

பாராட்டுப் பத்திரம் வேறு ஊர் எஞ்சினுக்குப் போனது. மரியசெல்வம் தன் சான்றில், "பழுது ஏதுமில்லை. பார்வைக்கு எஞ்சினும் இல்லை" என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார். மீனம்மாள் பன்னிரண்டு நாள் புருஷனோடு பேசவில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு நாளும் தன் கஞ்சியைக் கொண்டுவந்து கொட்டகைக்குள் உட்கார்ந்துதான் குடித்தாள். சின்னப்பிள்ளைக்கு அந்த வருஷம் எப்போதும்போல விளைந்தது. நூற்றெண்பத்துநாலு சாமான்களில் சக்கரம் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியானது, அடிப்பெட்டியில் கோழி அடை வைத்தார்கள், பிளக்கை மரியசெல்வம் ஞாபகத்துக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார். மெக்கானிக் மாப்பிள்ளை என்ற பெயர் மாறவில்லை. புதுப் பெயர் கண்டுபிடிக்க ஊரில் யாருக்கும் நேரமில்லை.

1963இல் எங்கள் ஊருக்குக் கரண்டு வந்தது. மற்ற கிணறுகளில் மோட்டார் போட்டார்கள். அவை மாதம் ஒருதரம் புகைந்து மரியசெல்வத்தின் கடைக்குப் போய்வந்தன. குழந்தைசாமியின் கிணற்றில் அந்தத் தேவை வரவில்லை. ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் வழக்கம்போல வேலை நடக்கும். கழற்ற எதுவும் இல்லாததால் ஆத்மநாதன் சீக்கிரம் முடித்துவிடப் பார்ப்பான். மீனம்மாள் விட மாட்டாள். மண்ணெண்ணெய்ச் சட்டியும் கந்தைத் துணியுமாக எதிரே உட்கார்ந்து ஒவ்வோர் இடமாகச் சொல்லுவாள். அந்த வருஷமும் அவன் துணியை உதறிக்கொண்டு எழுந்திருக்கப் போனபோது, மேடைக்கு ஒரு சாண் மேலே காற்றில் விரலை வைத்து, "இங்கிட்டு விட்டுட்டீங்களே. எவ்வளவு கரி பாருங்க" என்றாள். ஆத்மநாதன் திரும்ப உட்கார்ந்து அந்த இடத்தைத் துடைத்தான். துணி கறுப்பாக வந்தது.